முன் இருக்கைக்கு அடியில் இஞ்சின்

எங்கள் வேனில் இஞ்சின் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையின் அடியில் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் இருக்கையின் கொக்கிகளைக் கழற்றி, மெத்தையோடு சேர்த்துப் பின்பக்கம் சாய்க்க வேண்டும். தூரப் பயணமென்றால் அதில் உட்கார்ந்திருப்பவருக்குத் தொடை சுடும். என் கணவர் அதன் மேல் ஒரு கோணிப்பையை மடித்துப் போட்டு, தட்டையான மெத்தை ஒன்றை வைத்து, ஒலிபெருக்கி ஒயரால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

வேன் அவருடையது. கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது அவர் தொழில். சிறுநீரகங்கள் கெட்டபின் ஒலிபெருக்கிகளை விற்றுவிட்டார், வேனை வைத்துக்கொண்டார். பினாங்குத் தீவில் எந்த டயாலிசிஸ் மையத்திலும் அப்போது இடமில்லை. கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் ஓரிடத்தில் கிடைத்தது. செவ்வாய், வியாழன், சனி. நான் வேலை பார்த்த தமிழ் நாளிதழ் அதே சமயத்தில் தன் பினாங்கு அலுவலகத்தை மூடியது. முதலில் செய்தியாளராகவும் பிறகு துணையாசிரியராகவும் இருந்தவள், ஓட்டுநர் ஆனேன். பாலத்தைத் தாண்டி நான் ஓட்டிப் போவேன். அவர் அந்தச் சூடான இருக்கையில் உட்கார்ந்து வருவார்.

ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியிலிருந்தே, அதே மையத்தில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் துறைமுகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவராம். மூன்றாம் தலைமுறையிலும் பேச்சில் அந்த ஊர் போகவில்லை. மற்றவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பல வருடம் நின்று வேலை செய்த ஓர் அக்கா. பின் இருக்கையில் ஜன்னல் ஓரம் ஆளுக்கொன்று, நடுவில் அவர்களுடைய பைகள்.

என் கணவர் இறந்தபோது அவர்கள் இருவரும் கொஞ்ச நாள் டாக்சியில் போய்வந்தார்கள். கருமாதி முடிந்த மறுநாள் செவ்வாய்க்கிழமை. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். வழக்கமாக நிற்கும் தூணுக்குப் பக்கத்தில் இருவரும் பைகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அதன் பிறகு இரண்டு வருடம் அப்படியே ஓடியது. முன் இருக்கையில் யாரும் உட்காரவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மற்ற நாட்களில் நான் வாய் திறப்பது பசாரில் மீன்காரரிடம்தான். இந்த மூன்று நாட்களில் பேச்சு தாராளமாக இருக்கும். அதில் பாதி, பெரியவர் அக்காவைச் சீண்டுவதும் அக்கா திருப்பிக் கொடுப்பதும். எனக்குப் பெரும்பாலும் கேட்கிற வேலைதான். அது எனக்குப் பழகிய வேலை.

வேனின் இஞ்சின் புகைக்க ஆரம்பித்தது. ஜெலுத்தோங்கிலேயே, மீன் சந்தைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். என் கணவருக்குத் தெரிந்தவர். நிறையப் பேசுவார். மெத்தையை அவிழ்த்து ஒரு டயரின் மேல் வைத்தார்; இருக்கையைச் சாய்த்தார்; எட்டிப் பார்த்தார்.

“அக்கா, இது முடிஞ்சி போச்சி. திறந்து செஞ்சாலும் தாங்காது. பேசாம வேற இஞ்சின் போட்டுருவோம். பிறையில நம்ம தவுக்கே ஒருத்தன் இருக்கான், ஹாஃப்-கட் கடை மொதலாளி. நல்லதா பாத்து எடுத்துக்கலாம் லா.”

ஜப்பானில் கழித்துவிட்ட வண்டிகளைப் பாதியாக வெட்டிக் கப்பலில் கொண்டுவந்து விற்கும் கடைக்கு இங்கே ஹாஃப்-கட் கடை என்று பெயர். பாலத்துக்கு அக்கரையில் பிறை என்ற ஊரில், அப்படிப்பட்ட ஒரு கிடங்கில், முகங்கள் மட்டும் மிஞ்சிய வண்டிகளின் வரிசைக்கு நடுவே எங்கள் இஞ்சினைக் கண்டுபிடித்தார்கள். அதே வகை, அதே அளவு. இன்னொரு வண்டியில் எங்கோ ஓடியது. மெக்கானிக் அதைப் பொருத்தினார். ரப்பர் குழாய்கள், பெல்ட்டுகள், வடிகட்டி, பெட்ரோல் மூடியின் உள்வளையம் என்று காய்ந்து போயிருந்ததையெல்லாம் மாற்றினார். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. எனக்குப் பழக்கமில்லாத ஒரு மெல்லிய சத்தம்.

அக்கா விடவில்லை. “இஞ்சின் மாத்தினா புது வண்டி மாதிரிதான், தங்கச்சி. பூசை போடாம பாலத்துல ஏத்தக் கூடாது.” மாலையில் கோயில் வாசலில் நிறுத்தினோம். ஐயர் தீபம் காட்டினார். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். அக்கா வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் சந்தனத்தைக் கெட்டியாகக் கரைத்துக் கொண்டுவந்திருந்தார். வண்டியைச் சுற்றி வந்து ஸ்டியரிங், கண்ணாடிகள், கைப்பிடிகள், நான்கு சக்கரம், பெட்ரோல் மூடி என்று எதையும் விடாமல் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்தார். இருக்கையைச் சாய்க்கச் சொல்லி இஞ்சினுக்கும் வைத்தார்.

“பெட்ரோல் மூடிக்குமா அக்கா?” என்றேன்.

“அதுக்கு வாய் அதுதானே. வாய்க்குத்தான் மொதல்ல வைக்கணும்.”

பெரியவர் கைத்தடியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கும் ஒண்டு வைச்சுவிடுங்கோ. நானும் வேற இஞ்சின் கேட்டு ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்து எத்தினை வருஷம்.”

“உங்களுக்கெல்லாம் ஹாஃப்-கட்டுல கூட கிடைக்காது” என்றார் அக்கா. அவர் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வேன் பாலத்தின் நடுவில் நின்றது.

இருமவில்லை, குலுங்கவில்லை. காலடியில் அழுத்தம் இருந்தது. வேகம் மட்டும் இல்லை. ஓரத்துக்குத் திருப்பும் அளவுக்கு ஓட்டம் மிச்சமிருந்தது. மோட்டார் சைக்கிள்கள் இடித்துவிடுவது போல் கடந்தன. லாரி ஒன்று போகும்போது பாலமே அசைவது நின்றுகொண்டிருந்தால்தான் தெரிகிறது. ரோந்து வண்டிக்காரர் வந்து ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்துவிட்டு, இழுவை வண்டிக்குச் சொல்லட்டுமா என்று மலாயில் கேட்டார்.

பெரியவர் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். “வாழ்நாள் முழுக்கக் கப்பல் இழுக்கிறதை எழுதிக்கொண்டிருந்தனான் பிள்ளை. கடைசியில நானே சரக்காப் போனன்.”

இழுவை வண்டி வருவதற்குள் இன்னொரு முறை சாவியைத் திருப்பினேன். ஒன்றும் நடக்காதது போல் பிடித்துக்கொண்டது. மையத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். திரும்பும்போது ஜெலுத்தோங் வந்து, எங்கள் சாலைக்கு முந்திய சமிக்ஞை விளக்கில் மறுபடி நின்றது.

மெக்கானிக் கேட்டதும், “பம்ப்பு லா. பழைய பம்ப்பையே வச்சிட்டேன், அதான்” என்றார். பெட்ரோல் பம்பை மாற்றினார். ஜெலுத்தோங்கைச் சுற்றி இரண்டு ரவுண்டு ஓட்டினார். நிற்கவில்லை. வியாழக்கிழமை பிறையில் நின்றது. “சூடாகிப் போய் நிக்குதுன்னா இக்னிஷன் காயில்தான்” என்றார். காயிலை மாற்றினார். ரவுண்டு போனார். நிற்கவில்லை. அவர் ஒவ்வொரு முறையும் இருக்கையைச் சாய்த்தார். மெத்தை ஒவ்வொரு முறையும் அந்த டயரின் மேல் போயிற்று. ஓரத்தில் கறுப்பு எண்ணெய் ஒட்டத் தொடங்கியது. மூன்றாம் முறை நானே மெத்தையை அவிழ்த்து வீட்டில் வைத்துவிட்டுப் போனேன்.

சனிக்கிழமை போகும் வழியில் பிறையில் பெட்ரோல் ஊற்ற நிறுத்தினேன். மூடியைத் திறந்தபோது புஸ்ஸென்றது. வெயிலுக்கு எல்லா மூடியும் அப்படித்தான் என்று எண்ணிக்கொண்டேன். அன்று மையம் வரைக்கும் நிற்காமல் போனோம்.

“பாத்தீங்களா, என் சாமி கைவிடல” என்றார் அக்கா.

“உங்கட சாமிக்குப் பெட்ரோல் ஊத்தினாத்தான் வேலை செய்யுது” என்றார் பெரியவர்.

திரும்பும்போது பாலத்தின் நடுவில் நின்றது. டயாலிசிஸ் முடிந்து வருபவர்களுக்கு உடம்பிலிருந்து தண்ணீரை இழுத்திருப்பார்கள். ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும். வெயில் நேர் மேலே. ஜன்னலைத் திறந்தால் சூடு, மூடினால் அதைவிடச் சூடு. அக்கா பேச்சை நிறுத்தினார். பிறகு பெரியவரின் தோளில் சாய்ந்தார். பெரியவர் அசையாமல் உட்கார்ந்து, தன் தண்ணீர்ப் போத்தலில் கைக்குட்டையை நனைத்து அவர் முகத்தில் வைத்தார். “பிள்ளை, இவ பதில் சொல்லுறா இல்லை” என்றார். அவர் குரலில் வேடிக்கை இல்லாததை முதன்முறையாகக் கேட்டேன்.

ரோந்து வண்டியிலேயே அக்காவை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்று இரவே அவர் மகள் தொலைபேசியில் அழைத்தாள். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பணிவாகப் பேசினாள். “உங்களால இல்ல ஆன்ட்டி. நீங்க இவ்ளோ நாள் செஞ்சது பெரிய உதவி. ஆனா நலச் சங்கத்து வேன் ஒண்ணு மையத்துக்கு வருது, ஏர்கோன் இருக்கு, ஆள் தூக்கிவிட லிஃப்ட் இருக்கு. வர்ற வாரம் அதுல போகட்டும். அங்க நிரந்தரமா இடம் வேணுமா வேணாமான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். விட்டா மறுபடி கிடைக்காது.”

“வேன் அதுக்குள்ள சரியாயிடும்மா.”

“சரியானா சொல்லுங்க ஆன்ட்டி. என்ன பிரச்சினைன்னு தெரிஞ்சாத்தானே நானும் அம்மாவ அனுப்ப முடியும்?”

நியாயமான கேள்வி. பெரியவரையும் அந்த வாரம் அதே வேனில் போகும்படி நானே சொன்னேன்.

அடுத்த இரண்டு நாளும் வேன் பட்டறையில் கிடந்தது. மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றி, ஒரு பழைய பிஸ்கட் டின்னில் துண்டு துண்டாகப் போட்டுக் கழுவினார். ஜப்பானில் அந்த இஞ்சினை யார் எப்படி ஓட்டியிருப்பார்கள் என்று ஒரு கதை சொன்னார். கடைசியில், “டேங்க்குல துரு இருக்கும் அக்கா. பெட்ரோல் கொறையக் கொறைய அடியில இருக்கிற அழுக்க இழுக்குது. அன்னிக்கு ஊத்தினதும் ஓடிச்சில்ல? முழுசா ஊத்தி ஓட்டிப் பாருங்க” என்றார்.

செவ்வாய்க்கிழமை வழக்கமான நேரத்துக்குக் கீழே இறங்கினேன். நலச் சங்கத்து வேன் வந்து அவர்களை ஏற்றிப் போய்விட்டிருந்தது. தூணுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. முழுக்கப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு அதே வழியில் அதே வேகத்தில் போனேன். காலி வேன் அதிகம் சத்தம் போடும். பின் இருக்கையின் பட்டைக் கொக்கிகள் இரும்பில் தட்டிக்கொண்டே வரும். இரண்டு பேர் உட்கார்ந்திருந்தவரை அது எனக்குத் தெரியாது.

பாலத்தின் நடுவைக் கூட எட்டவில்லை. ஏறிய கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டது.

அதே ரோந்து வண்டிக்காரர். இந்த முறை கேள்வியே இல்லாமல் கூம்புகளை வைத்தார். காத்திருந்து, கிளப்பிக்கொண்டு பட்டர்வொர்த் வரைக்கும் போனேன். போயிருக்க வேண்டியதில்லை. மையத்துக்கு எதிர்ச் சாலையில் நிறுத்தினேன். நலச் சங்கத்தின் வெள்ளை வேனின் பின்பக்கத்தில் லிஃப்ட் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா அதன் மேல் சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெரியவர் கைத்தடியோடு பக்கவாட்டுக் கதவில் இறங்கி, சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். என் வேனை அவர் கவனித்திருக்கலாம். நான் கையாட்டவில்லை. அவர்கள் உள்ளே போனதும் திருப்பிக்கொண்டு வந்தேன்.

புதன்கிழமை முழுதும் அதை ஒரு செய்தி போல யோசித்தேன். எங்கள் செய்தி அறையில் எல்லாரும் சொல்வதை முதலில் ஒதுக்கிவைக்கச் சொல்வார்கள். எல்லாரும் சொன்னது இஞ்சினை. மாற்றியது இஞ்சின் என்பதால் எல்லாருடைய கண்ணும் அந்த இருக்கைக்கு அடியிலேயே இருந்தது, என் கண்ணும்தான். அதை ஒதுக்கினால் மிஞ்சியது என்ன? ஜெலுத்தோங்கைச் சுற்றினால் நிற்பதில்லை. தூரம் போனால் நிற்கிறது. காத்திருந்தால் கிளம்புகிறது. வழியில் பெட்ரோல் ஊற்றிய அன்று அந்தப் பயணம் மட்டும் நிற்கவில்லை. முழுக்க ஊற்றிய அன்று நிற்காமல் ஓடியிருக்க வேண்டும். இன்னும் சீக்கிரம் நின்றது. அப்படியானால் அழுக்கு இல்லை. பெட்ரோல் குறைவதும் இல்லை. பிறையில் அன்று நான் செய்தது என்ன? பெட்ரோல் ஊற்றினேன். அதற்கு முன்னால் மூடியைத் திறந்தேன்.

வியாழக்கிழமை மறுபடி போனேன். பிறையில், ஒரு தொழிற்சாலை மதிலோரம் நின்றது. இம்முறை காத்திருக்கவில்லை. இறங்கி, பக்கவாட்டில் இருந்த சிறு கதவைத் திறந்து மூடியைத் திருகினேன். வெளியே வரவில்லை காற்று; உள்ளே போயிற்று. நீண்ட நேரம் மூச்சை அடக்கியிருந்தவர் இழுப்பது போல ஒரு சத்தம், அது முடியும்வரை மூடி என் கைக்கு இடம் கொடுக்கவில்லை. திரும்பி ஏறி சாவியைத் திருப்பினேன். உடனே பிடித்தது.

மூடியை வெளிச்சத்தில் பார்த்தேன். கறுப்பு மூடி. உள்பக்கம் நடுவில் ஒரு சிறு துளை. வெளிப்பக்கம் அதே இடத்தில் ஒரு வட்டமான சந்தனம், காய்ந்து ஓடு போல் இறுகியது, நடுவே குங்குமம். சின்னக் கதவுக்குப் பின்னால் மழையும் வெயிலும் படாமல், வைத்த அன்று இருந்தது போலவே இருந்தது. உள்பக்கத் துளையில் வாயை வைத்து ஊதினேன். போகவில்லை. உதட்டில் பெட்ரோல் எரிந்தது; சந்தன வாசனையும் கூடவே வந்தது.

ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் அதைப் பார்த்திருக்கிறேன். பொட்டு என்றுதான் பார்த்தேன்.

மெக்கானிக் மூடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்துக் கடையிலிருந்து வாங்கிவைத்திருந்த ஐஸ் தேநீர்ப் பொட்டலத்தில் ஸ்ட்ராவை விட்டு, மேல்முனையை விரலால் அழுத்தி வெளியே தூக்கினார். ஸ்ட்ராவுக்குள் தேநீர் கீழே விழாமல் நின்றது. விரலை எடுத்தார், ஒழுகியது.

“காத்து உள்ள வந்தாத்தான் அக்கா பெட்ரோல் வெளிய போகும். நான் வேற உள்ள புது வளையம் போட்டு நல்லா டைட்டாக்கி வச்சிருக்கேன். முன்ன அது வழியாவது காத்து கசிஞ்சிருக்கும்.” பிறகு சிரிக்கத் தொடங்கினார். “எத்தனை வண்டிக்குப் பூசை போட்டு அனுப்பியிருக்கேன். சாமியே வண்டிய நிப்பாட்டி இப்பத்தான் பாக்கறேன். யாரு வச்சா இந்தப் பொட்ட?”

“கோயில்ல வச்சது” என்றேன்.

“ஐயருகிட்ட சொல்லிவைங்க லா. இனி டயரோட நிறுத்திக்கச் சொல்லுங்க.”

பொட்டைச் சுரண்டி எடுக்க அவர் திருப்புளியை எடுத்தார். மூடியை வாங்கிக்கொண்டேன். என் சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, குங்குமத்தின் நடுவில் குத்தித் துளையைத் திறந்தேன். ஊதினால் காற்று போயிற்று. தள்ளி நின்று பார்த்தால் பொட்டு பொட்டாகவே இருந்தது.

அன்று மாலையே நிற்காமல் பட்டர்வொர்த்துக்குப் போய்த் திரும்பி வந்தேன். வீட்டுக்கு வந்து அக்காவின் மகளை அழைத்தேன்.

“வேன் சரியாயிடுச்சும்மா. பெட்ரோல் மூடியில காத்துப் போற ஓட்டை அடைச்சிருந்துச்சு. இஞ்சின்ல ஒண்ணுமே இல்ல.”

“எப்படி ஆன்ட்டி அடைச்சிச்சு?”

எப்படி என்ற கேள்விக்கு உண்மையைத் தவிர வேறு பதில் எழுதினால் செய்தியைத் திருப்பி எறிந்தவள் நான். உண்மை என் நாக்கில்தான் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் மகள் சிரித்திருப்பாள், நம்பியும் இருப்பாள். சனிக்கிழமை இருவரும் தூணடியில் நின்றிருப்பார்கள். ஆனால் அவள் அதைத் தன் தாயிடம் சொல்லாமல் இருக்கமாட்டாள். பாலத்தில் மயங்கிக் கிடந்ததற்குக் காரணம் தன் கையிலிருந்த சந்தனம் என்று அக்கா தெரிந்துகொள்வார். அவர் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடியவரல்ல. தெய்வக் குற்றம் என்று எடுத்துக்கொள்வார்.

“தூசிதாம்மா” என்றேன்.

“தூசியா ஆன்ட்டி?” என்றாள். “இஞ்சின் மாத்தின நாள்லேர்ந்து இப்படி நின்னுக்கிட்டிருக்கு. அம்மா மயங்கிட்டாங்க. அதுக்கு ஒரு மூடியில தூசின்னா… நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்லல. அந்தப் பட்டறை ஃபோர்மன் உங்கள ஏமாத்தறான்னு நினைக்கறேன்.”

“நானே பாத்தேம்மா.”

“சரி ஆன்ட்டி” என்றாள். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்பது வெள்ளிக்கிழமை தெரிந்தது. அக்காவுக்கு வெள்ளை வேனில் நிரந்தர இடம் எடுத்துவிட்டார்கள்.

பெரியவரின் மகன் கோலாலம்பூரில் இருக்கிறான். அவனும் அதே வேனில் இடம் கேட்டுத் தருவதாகச் சொன்னானாம். சனிக்கிழமை காலை எட்டிப் பார்த்தபோது தூணுக்குப் பக்கத்தில் பெரியவர் தனியாக நின்றிருந்தார்.

“வெள்ளை வேன் நல்லா இல்லையா ஐயா?”

“நல்ல வேன்தான் பிள்ளை. ஆனா ஒருத்தரும் கதைக்கினமில்லை. எல்லாரும் ஃபோனைப் பாக்கினம். அக்காவும் அங்க வாயைத் திறக்கிறா இல்லை. எனக்கு அது பயமாக் கிடக்கு.” பின் இருக்கையில் தன் ஜன்னல் ஓரத்திலேயே ஏறி உட்கார்ந்தார். பையை நடுவில் வைத்தார்; பிறகு அதைப் பக்கத்து இடத்துக்கு நகர்த்தினார்.

பாலத்தின் நடுவில் அவர் முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். இறங்கியதும் அவர் பெருமூச்சு விட்டது கேட்டது.

அக்காவுக்குச் சிகிச்சை பெரியவருக்கு முன்னதாகவே முடிந்துவிடும். நான் மையத்தின் வாகன நிறுத்தத்தில் காத்திருந்தேன். சக்கர நாற்காலியை மறுத்துவிட்டு, கையில் கட்டோடு, சுவரைப் பிடித்துக்கொண்டே அவர் என் வேன் வரைக்கும் நடந்து வந்தார். மற்றக் கையில் பிளாஸ்டிக் பை. அதற்குள் எவர்சில்வர் கிண்ணம்.

“மக எடுத்த முடிவு, தங்கச்சி. எனக்கு மனசில்ல. அவளும் பயந்துட்டா.”

“பரவாயில்லக்கா.”

“நான் ஏறலன்னாலும் உன் வண்டி நிக்காம ஓடணும். வீட்டுலயே கரைச்சு எடுத்துட்டு வந்தேன்.”

ஸ்டியரிங்குக்கு வைத்தார். கண்ணாடிகளுக்கும் கைப்பிடிகளுக்கும் வைத்தார். சக்கரங்களுக்குக் குனிய முடியவில்லை. எனக்குக் கிண்ணத்தைக் கொடுத்து வைக்கச் சொன்னார், வைத்தேன். பிறகு பக்கவாட்டுக்கு வந்தார். அந்தச் சிறு கதவு தானாக மூடிக்கொள்ளும் வகை. அவருக்காக நான்தான் அதைப் பிடித்துக்கொண்டேன். பழைய பொட்டின் மேலேயே, முன்னைவிடத் தாராளமாகச் சந்தனத்தை அப்பி, மோதிர விரலால் குங்குமத்தை நடுவில் அழுத்தினார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார்.

“இனி நிக்காது பாரு” என்றார்.

“நிக்காதுக்கா.”

வெள்ளை வேன் அவரை ஏற்றிக்கொண்டு போனது. கையாட்டினார், நானும் ஆட்டினேன். வேன் வளைவில் திரும்பியபின் ஊக்கைக் கழற்றினேன்.

குத்தி எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் கைத்தடிச் சத்தம். பெரியவர் எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

“அதுதானோ விஷயம்?”

“அதுதான் ஐயா.”

“அவவுக்குத் தெரியுமோ?”

“தெரியாது.”

“மகளுக்கு?”

இல்லை என்று தலையசைத்தேன். அவர் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்லிச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். கதவை மூடினேன். அவர் பின்பக்கம் போகாமல் முன்பக்கம் வந்து, இடது கதவின் கைப்பிடியில் கை வைத்தார். அதிலிருந்த ஈரச் சந்தனம் அவர் விரலில் ஒட்டியது.

“பின்னால இருந்து கத்திக் கதைக்க ஏலாது பிள்ளை. இதில இருக்கட்டோ?”

மெத்தை வீட்டில் இருந்தது. இருக்கை வெறும் ரெக்சினாகத் தெரிந்தது, ஒயர் கட்டிய இடத்தில் இரண்டு தழும்புகளோடு.

“அங்க சூடு ஐயா” என்றேன். “கீழே இஞ்சின்.”

அவர் என்னைப் பார்த்தார். “ஓம், ஓம். சூடுதான்” என்றார். கைத்தடியை முதலில் போட்டுவிட்டுப் பின்பக்கத்தில் ஏறினார்.

பாலத்தின் நடுவை, இதுவரை நின்ற இடங்கள் எல்லாவற்றையும், நிற்காமல் கடந்தோம். கண்ணாடியில் பார்த்தேன். டயாலிசிஸ் களைப்பில் பெரியவர் தலையை ஜன்னலில் சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தார். பின் இருக்கையில் ஒரு கொக்கி மட்டும் இரும்பில் தட்டிக்கொண்டிருந்தது. அது நிற்கும் நேரங்களில், காலி இருக்கைக்கு அடியிலிருந்து அந்த இஞ்சினின் மெல்லிய சத்தம் கேட்டது. அதற்கு இன்னும் எனக்குப் பழக்கம் வரவில்லை.